ஊழியம்: திருவிதாங்கூரில் ஒரு சொல்லின் வரலாறும் கிறித்தவர்தம் அன்றாட உழைப்பும்

முன்னுரை

திருவனந்தபுரம் நகரின் பாளையம் பகுதியை அடுத்து எல்.எம்.எஸ். வளாகம் அமைந்துள்ளது. இலண்டன் மிஷன் சங்கத்தின் திருவனந்தபுரப் பணி 1838இல் ஜான் காக்ஸ் என்பவரால் தொடங்கப்பட்டது. அதன் நினைவாகவே அப்பெயர் இன்றும் வழங்குகிறது. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், 1869இல் ஹஜூர்க் கச்சேரியாகத் திறக்கப்பட்ட தலைமைச் செயலகம் உள்ளது. முன்னதில் பணிபுரிவோரைத் தமிழ்க் கிறித்தவர் 'ஊழியக்காரர்' என்பர். பின்னதில் பணிபுரிவோரைத் தமிழ் நாளேடுகள் 'அரசு ஊழியர்' என எழுதும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே நாட்டில் 'ஊழியம்' என்னும் சொல் இவ்விரண்டையும் குறிக்கவில்லை. கூலியின்றிச் சர்க்காருக்கும் கோயிலுக்கும் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலைக்கே அது பெயராக இருந்தது.

ஒடுக்குமுறையின் பெயராக இருந்த சொல் இறைத்தொண்டின் பெயராகவும் வழங்கிய சூழலில், அச்சொல்லோடு வாழ்ந்த மக்களின் அன்றாட உழைப்பு என்ன மாற்றம் பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நம்பிக்கையும் தொழிலும் இணைதல் என்பது பெரும்பாலும் மறையுரையின் பொருளாகவே பேசப்படுகிறது. பனையேறி, ரேந்தை பின்னிய பெண், தேனீ வளர்த்த உழவர், மீனவர் ஆகியோரின் வாழ்வில் அவ்விணைப்பு எங்கே நிகழ்ந்தது, எங்கே அறுபட்டது என்பன இங்கு வரலாற்று நோக்கில் காணப்படுகின்றன.

சொல்லும் பொருளும்

தமிழில் 'ஊழ்' என்பதற்கு முறைமை என்னும் பொருள் உண்டு. மலையாளத்தில் 'ஊழம்' என்பது ஒருவருக்கு வரும் முறையைக் குறிக்கும். ஆகவே ஊழியம் என்பதை முறைவைத்து வரும் வேலை எனத் தொடர்புபடுத்தி நோக்க இடமுண்டு. கட்டாய வேலை தமிழகத்திற்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்னும் சொற்கள் கூலியற்ற வேலையைச் சுட்டுகின்றன. இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியில் சோனகர், செட்டிகள் முதலியோர்மீது சுமத்தப்பட்ட கட்டாயப் பணியும் ஊழியம் என்றே வழங்கியது.

இதற்கு இணையாக, தெய்வத்திற்கும் குருவுக்கும் ஆற்றும் பணி என்னும் உயர்பொருளும் இச்சொல்லுக்கு இருந்தது. எனினும் சைவ மரபு தன் பணிக்குத் 'தொண்டு' என்னும் சொல்லையே முதன்மையாகக் கொண்டது. வைணவம் 'கைங்கரியம்' என்றது. கிறித்தவர்களுள்ளும் வேறுபாடு காணப்படுகிறது. சீர்திருத்தச் சபையார் 'ஊழியம்' என்பதைப் போற்ற, கத்தோலிக்கர் 'பணி', 'திருத்தொண்டு' என்பவற்றை மிகுதியும் ஆள்வர். சேக்கிழாரின் காப்பியம் திருத்தொண்டர் புராணம் எனப்படுவதும், கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவத்திற்கு முந்திய படிநிலையினர் திருத்தொண்டர் எனப்படுவதும் ஒப்பிட்டு நோக்கத்தக்கன.

மலையாளக் கிறித்தவர் தம் இறைப்பணியைச் 'சுச்ரூஷை' என்பர். 1910இல் வெளிவந்த மலையாளச் சத்தியவேத புஸ்தகத்தில், எகிப்தில் இசுரவேலரைக் கடும்வேலையால் ஒடுக்க அமர்த்தப்பட்ட மேலாளர்கள் 'ஊழியவிசாரகன்மார்' எனப்படுகின்றனர். அதே இடத்தில் தமிழ் வேதாகமம் 'விசாரணைக்காரர்' என்கிறது. பார்வோனின் கொடுமைக்கு மலையாளம் வைத்துக்கொண்ட சொல்லைத் தமிழ் ஆண்டவரின் பணிக்கு ஆண்டது. திருவிதாங்கூரின் தென்பகுதியில் இவ்விரு மொழிகளும் ஒரே சந்தையில், ஒரே குடும்பத்தில்கூட வழங்கின. எனவே அங்கு வாழ்ந்த தமிழ்க் கிறித்தவர் ஊழியம் என்னும் சொல்லை அதன் இரு பொருளோடும் கேட்டவராவர்.

பத்மநாபதாசரின் நாட்டில் ஊழியம்

1750இல் மார்த்தாண்டவர்மர் தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்தார். திருப்படிதானம் எனப்படும் இச்சடங்கிற்குப் பின் அரசர்கள் பத்மநாபதாசர் என்னும் பெயரில் ஆண்டனர். நாடே இறைவனுடைமை, அரசர் அவ்விறைவனின் அடியார். கருத்தளவில் இது ஆட்சியையே இறைப்பணியாகக் கொண்ட முறையாகும். ஆறாண்டுக்கு ஒருமுறை 56 நாள் நடைபெற்ற முறஜபம், நாடெங்கும் இருந்த ஊட்டுபுரைகள் ஆகியன இக்கருத்தின் வெளிப்பாடுகள். இவ்வறச்செயல்களால் திருவிதாங்கூர் தர்மபூமி எனப் புகழப்பட்டது. திருவனந்தபுரத்தில் பணியாற்றிய சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட தம் நூலுக்குத் 'தருமத்தின் நாடு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை இட்டதும் இப்புகழுரையைக் கருதியே.

இத்தருமத்தின் சுமை யார் தலைமேல் ஏறியது என்பதே வரலாற்று வினா. கோயில்களுக்கும் ஊட்டுபுரைகளுக்கும் பொருள் சுமத்தல், அதிகாரிகளின் மூட்டைகளைத் தூக்குதல், யானைகளுக்கு ஓலை வெட்டிக் கொடுத்தல் போன்ற வேலைகள் சாதி அடிப்படையில் ஒடுக்கப்பட்ட குடிகள்மேல் சுமத்தப்பட்டன. நாடார், ஈழவர் முதலியோர் இவ்வூழியத்திற்கு உட்பட்டனர். அவர்க்கும் கீழாக வைக்கப்பட்ட புலையர், பறையர் ஆகியோருள் பெரும்பகுதியினர் விற்கவும் ஒற்றி வைக்கவும் கூடிய அடிமைகளாக இருந்தனர். எவர் உழைப்பால் ஊட்டுபுரை நிறைந்ததோ அவர் அதன் வாயிலை நெருங்கவும் இயலாத நிலை நிலவியது.

இந்நிலையை எதிர்த்த குரல் கிறித்தவ மிஷனுக்கு மட்டும் உரியதன்று. சாமித்தோப்பில் தோன்றிய அய்யா வைகுண்டர் (1809–1851) ஊழியத்தையும் வரிக்கொடுமையையும் கண்டித்தார்; அதனால் திருவனந்தபுரத்தில் சிறைவைக்கப்பட்டார். 1841இல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானை அக்கால வரிகளையும் வேலைக்கொடுமைகளையும் விரிவாகப் பதிவுசெய்கிறது. உழைப்பின் இழிவை நீக்குதல் சமயத்தின் வேலை என்னும் உணர்வு ஒரே நிலத்தில், ஒரே காலத்தில், இரு வேறு நம்பிக்கைகளில் எழுந்தமை கருதத்தக்கது.

ஞாயிறு: சர்க்காருக்கு உரியதல்லாத ஒரு நாள்

மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் என்பாரின் அழைப்பை ஏற்று, வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1810ஆம் ஆண்டுகளில் கர்னல் ஜான் மன்றோ ரெசிடெண்டாகவும் சில காலம் திவானாகவும் இருந்தபோது, கிறித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் கோயில் சார்ந்த வேலைகளிலிருந்தும் விலக்குக் கிடைத்தது. 1818க்குப் பின் சார்லஸ் மீட் நாகர்கோவிலில் பணியாற்றிய காலத்தில் மக்கள் திரளாகச் சபையில் சேர்ந்தனர்.

இவ்விலக்கைப் பெறுவதற்காகவே மக்கள் மதம் மாறினர் என்பது ஒரு சாரார் கருத்து. வழிபாட்டு ஆர்வமே காரணம் என்பது மற்றொரு சாரார் கருத்து. இவ்விரு கருத்துகளும் வழிபாட்டையும் உழைப்பையும் தனித்தனியே வைத்து எண்ணுபவை. விவிலியத்தின் யாத்திராகமத்தில் மோசே பார்வோனிடம் முதலில் கேட்பது, மக்கள் சென்று வழிபடுவதற்கான விடுப்பே. மக்கள் சோம்பலுற்றதால்தான் வழிபாடு கேட்கின்றனர் எனக் கூறி, பார்வோன் வேலையை மிகுவிக்கிறான். ஓய்வும் வழிபாடும் அங்கு ஒரே கோரிக்கையின் இரு பெயர்கள். கூலியற்ற வேலைக்கு எந்நாளும் அழைக்கப்படக்கூடிய ஒருவனுக்கு, வாரத்தில் ஒருநாள் அவ்வழைப்பு செல்லாது என்பது எளிய சலுகையன்று. அவனுடைய உடல் முழுவதும் சர்க்காருடையதன்று என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டமைக்கு அது சான்றாகும்.

அடிமைகளின் நிலையில் இது மேலும் கூர்மையடைந்தது. நிலவுடைமையாளர் தம் அடிமை ஆலயத்திற்கும் பள்ளிக்கும் செல்வதை வேலையிழப்பாகக் கருதினர். 1847இல் மிஷனரிகள் கூட்டாக அரசுக்கு விண்ணப்பம் அளித்து அடிமைமுறையை ஒழிக்குமாறு வேண்டினர். 1853இல் ஒரு பகுதி விடுதலையும், 1855இல் முழு விடுதலையும் அரச விளம்பரங்களின்வழி அறிவிக்கப்பட்டன. 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை பெற்றதும் இத்தொடர்ச்சியில் வைத்து நோக்கத்தக்கது. ஓய்வு, உடை, உடல் ஆகிய மூன்றும் உழைப்பவரின் மானத்தோடு பிணைந்தவை.

பனையும் கலயமும்

ஓய்வுநாள் பற்றிய போதனை பனையேறியின் தொழிலில் ஓர் இடரைச் சந்தித்தது. பனம்பாளையை நாள்தோறும் சீவ வேண்டும். சீவாது விட்டால் வெட்டுவாய் காய்ந்து சுரப்பு நிற்கும். பருவமோ சில மாதங்களே. அப்பருவத்தின் வருவாயே ஆண்டு முழுமைக்குமான ஆதாரம். காலையும் மாலையும் பல பனைகளில் ஏறி இறங்கும் ஒருவருக்கு ஞாயிறன்று மரத்தில் ஏறாதிருத்தல் அந்நாள் வருவாயை மட்டும் இழப்பதாகாது. சர்க்காரின் ஊழியத்திலிருந்து விடுபடுதல் வேறு; பனையின் இயல்பிலிருந்து விடுபடுதல் வேறு. வேளாண் நாட்காட்டிக்கும் வழிபாட்டு நாட்காட்டிக்கும் இடையிலான இம்முரணுக்கு நூலறிவால் மட்டும் விடை காண இயலாது.

அதே தொழிலில் நம்பிக்கை வேறொரு வடிவில் இடம்பெற்றது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக இறங்கும். அதனைக் குமரி வட்டாரத்தார் அக்கானி என்பர். சுண்ணாம்பு தடவாவிடில் அதே சாறு கள்ளாகும். சபை மதுவை விலக்கியதால், பனையேறியின் ஒழுக்கம் ஆலயத்தில் அவர் கூறும் விசுவாசப் பிரமாணத்தில் மட்டுமன்றி, மரத்தின் உச்சியில் யாரும் காணாத கலயத்தின் உட்புறத்திலும் நிறைவேற வேண்டியதாயிற்று. அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கும் வேலை பெண்களுடையது. விறகு சேர்த்தல், அடுப்புப் புகையில் நெடுநேரம் நிற்றல், பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுதல் ஆகியன அவர்கள் பங்கு. கள்ளை விலக்கிய அறநெறியின் உடல்சுமையைப் பெரிதும் சுமந்தவர் அவர்களே என்பது சபை வரலாறுகளில் போதிய அழுத்தம் பெறவில்லை.

சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஆலயத்திற்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கையும், விளைபொருளை ஆலயத்திற்குக் கொணர்ந்து ஏலமிடும் அறுப்பின் பண்டிகையும் இம்மக்களின் தொழிலை வழிபாட்டிற்குள் கொண்டுவந்த வழக்கங்கள். வாழைக்குலையும் தேங்காயும் கோழியும் பலிபீடத்தின் அருகே வைக்கப்படும்போது, கைவேலையால் தீட்டுடையவர் எனப்பட்டவரின் கைப்பொருள் தூயதாக ஏற்கப்படுகிறது.

இவ்வகைச் சிந்தனைக்குத் தமிழ்ச் சமய மரபில் முன்மாதிரி உண்டு. திருத்தொண்டர் புராணத்தில் திருக்குறிப்புத்தொண்டர் துணி வெளுத்தும், அதிபத்தர் வலைவீசிக் கிடைத்த மீனை இறைவனுக்கு விடுத்தும், திருநீலகண்டர் ஓடு வனைந்தளித்தும் தொண்டராயினர். அவர்கள் தத்தம் தொழிலை விட்டுத் தொண்டராகவில்லை, தொழிலின்வழியே தொண்டராயினர். கன்னட நாட்டில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணர் முதலியோர் போற்றிய 'காயகம்' என்னும் கருத்தும் இத்தகையதே. ஏசு தச்சரின் மகன், பவுல் கூடாரம் செய்பவர் எனக் கேட்ட தென்திருவிதாங்கூர் மக்களுக்கு இக்கருத்து முற்றிலும் அயலானதாக இருந்திருக்க இயலாது.

ரேந்தைப் பின்னலும் பெண்களின் கூலியும்

1819இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா மால்ட், 1820ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் எனப்படும் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை இடமும் வலமும் மாற்றிப் பின்னும் நுண்தொழில் இது. அதன் விற்பனை வருவாய் பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கு உதவியது. அடிமைநிலையில் இருந்த பெண்கள் சிலர் இத்தொழிலின் வருவாயால் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் எனச் சபை வரலாறுகள் கூறுகின்றன. மால்ட் இணையரின் மகள் எலைசா 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபின் இக்கலை திருநெல்வேலிப் பகுதியிலும் வேர்கொண்டது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் உருவான அவ்வீட்டில் ரேந்தைத் திண்டும் இருந்தது என்பதைத் தமிழாய்வுலகம் அரிதாகவே நினைவுகூர்கிறது.

இத்தொழில் இருமுகம் உடையது. முதலாவதாக, கூலி என்பதே பெரும்பாலும் அறியாத பெண்களின் கையில் அது பணத்தைத் தந்தது. மண்சுமையும் நெற்சுமையும் தூக்கிய கைகள் நுண்கலை செய்ய வல்லன என்பதை அவர்களுக்கும் பிறர்க்கும் காட்டியது. ஊழியத்திற்கும் கூலிவேலைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் உணர்ந்த இடம் இது. இரண்டாவதாக, வடிவத்தைத் தீர்மானித்ததும் விலையை முடிவுசெய்ததும் தொலைவிலுள்ள சந்தையும் மிஷன் நிருவாகமுமே. வாங்குவோர் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்கள். பின்னியவர் தாம் பின்னியதை அணிந்தாரில்லை. பள்ளியை நடத்தத் தொடங்கிய தொழில் நாளடைவில் தொழிலுக்காகவே நடக்கும் தொழிலாயிற்று. விடுதலைக்கான உழைப்பு, பிறர் வகுத்த ஒழுங்கிற்குக் கட்டுப்பட்ட உழைப்பாகவும் இருந்தது என்னும் முரணை மறைக்க வேண்டியதில்லை.

நெய்யூரின் மருத்துவப் பணியிலும் இதற்கு ஒப்பான வளர்ச்சி காணப்படுகிறது. 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய அப்பணி, 1861இல் வந்த டாக்டர் ஜான் லோ காலத்தில் உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவப் பயிற்சி அளிக்கும் நிலைக்கு உயர்ந்தது. பிறப்பால் தீண்டத்தகாதவர் எனப்பட்ட ஒருவர் நாடிபார்க்கும் தொழிலில் பிறர் உடலைத் தொட நேர்ந்தது. ஒரு தொழிற்பயிற்சி சாதி ஒழுங்கின் அடித்தளத்தையே இவ்வாறு தொட்டது.

சொல் சுருங்கிய விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்க்கார் ஊழியம் படிப்படியாகத் தளர்ந்தது. திவான் மாதவராவ் (1858–1872) காலத்தில் சாலை, கால்வாய், கட்டடப் பணிகள் பொதுப்பணித்துறையின் கூலிவேலைகளாயின. 1865இன் பண்டாரப்பாட்ட விளம்பரம் சர்க்கார் நிலத்தைப் பயிரிட்டோர்க்கு நிலவுரிமை அளித்தது. தோட்டத்தொழிலும் இலங்கைப் பயணமும் புதிய வருவாய்க்கு வழிகாட்டின. ஒடுக்குமுறைப் பொருள் மங்க மங்க, தமிழ்க் கிறித்தவர் வழக்கில் ஊழியம் என்னும் சொல்லின் சமயப்பொருளே மேலோங்கியது.

ஆயின் அப்பொருள் விரியவில்லை, சுருங்கியது. உபதேசியார், வேதாகமப் பெண், போதகர் ஆகியோரின் வேலை மட்டுமே ஊழியம் எனப்பட்டது. சபையிலிருந்து ஊதியம் பெறுபவர் ஊழியக்காரர். பனையேறி அக்கூட்டத்தில் இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவியவரும் திண்டில் ரேந்தை பின்னியவரும் ஊழியத்திற்குக் காணிக்கை கொடுப்பவரானார்களே அன்றி ஊழியம் செய்பவராகக் கருதப்படவில்லை. 'முழுநேர ஊழியம்' என்னும் பிற்காலத் தொடர் இப்பிரிவினையை உறுதிசெய்தது. எஞ்சியோர் வாழ்வில் ஞாயிறு மட்டுமே இறைவனுக்குரியது என்னும் குறிப்பு அத்தொடருக்குள் அடங்கியுள்ளது. சர்க்காரிடமிருந்து மீட்கப்பட்ட ஒருநாள், எஞ்சிய ஆறுநாளையும் சமயத்திலிருந்து விலக்கி வைக்கும் சுவராகவும் மாறியது.

செர்மன் மொழி வரலாற்றோடு இதனை ஒப்பிடலாம். இறையழைப்பைக் குறித்த 'பெரூஃப்' என்னும் சொல் மார்ட்டின் லூதரின் விவிலிய மொழிபெயர்ப்பின்வழி உலகியல் தொழிலையும் குறிக்கலாயிற்று என மாக்ஸ் வெபர் 1904–05இல் வெளியிட்ட தம் ஆய்வில் சுட்டினார். அங்கு துறவியின் சொல் தொழிலாளியிடம் வந்தது. தமிழில் தொழிலாளியின் சொல் சபைப் பணியாளரிடம் சென்று தங்கியது. 'அழைப்பு' என்னும் தமிழ்ச் சொல்லோ எத்தொழிலின் பெயராகவும் மாறவில்லை.

மார்த்தாண்டம்: தேனும் முட்டையும்

இருபதாம் நூற்றாண்டில் இப்பிரிவினையைக் கடக்க முயன்ற நிகழ்வுகளுள் ஒன்று மார்த்தாண்டத்தில் தோன்றியது. சேலத்தில் பிறந்த கே.டி. பால் (1876–1931) இந்திய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலர் ஆவார். நகர இளைஞர்க்கென அமைந்த இயக்கத்தை அவர் சிற்றூர்ப் புனரமைப்பின்பால் திருப்பினார். அதன் பயனாக, திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், அந்நாளில் திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த மார்த்தாண்டத்தில், 1920ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அமெரிக்கரான டி. ஸ்பென்சர் ஹேட்ச் கிராமச் செயல்விளக்க மையத்தை அமைத்தார். ஆன்மா, அறிவு, உடல் என்னும் மூன்றையும் வலியுறுத்திய இயக்கம் அங்குப் பொருளியலையும் சமூக உறவையும் சேர்த்து ஐந்தாக விரித்தது. 1932இல் வெளிவந்த ஹேட்ச்சின் நூல் இம்முயற்சியைப் பிற நாட்டார்க்கு அறிமுகப்படுத்தியது.

மரப்பொந்திலிருந்த தேனைப் புகைமூட்டி அடையோடு பிழிந்தெடுத்த நிலை மாறி, சட்டங்களை எடுத்து வைக்கத்தக்க பெட்டிகளில் தேனீயை வளர்க்கும் முறை அங்குப் பரவியது. அடையை அழிக்காமல் தேனை மட்டும் பிரித்தெடுத்தால் தேனீக்குடும்பம் நிலைக்கும். அடுத்த பருவத்திலும் தேன் கிடைக்கும். நல்லினக் கோழி வளர்ப்பும், முட்டைகளைத் தரம்பிரித்துக் கூட்டுறவு முறையில் விற்பதும் உடன் வளர்ந்தன. பழைய முட்டையைப் புதியதென விற்காமை, தேனில் பாகு கலவாமை ஆகியன அங்கு மறையுரையாக அன்றி விற்பனை விதியாக நின்றன. உண்மை பேசுதல் என்னும் கட்டளை தரம்பிரிக்கும் மேசையில் நடைமுறைக்கு வந்தது எனலாம். சமய வேறுபாடின்றி எல்லாரும் பயன்பெற்றதால், பயனடையச் சபையில் சேர வேண்டும் என்னும் ஐயத்திற்கும் இடம் குறைந்தது.

இம்முயற்சியின் வரம்பும் சுட்டத்தக்கது. நிலமற்றவரின் நிலக்குறையைத் தேன்பெட்டி தீர்க்கவில்லை. எனினும் 1956 நவம்பர் 1இல் அப்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும் அத்தொழில் நிலைத்தது. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நோயால் தேனீக்குடும்பங்கள் பெருமளவில் அழிந்தபோதும் மீண்டெழுந்தது. மார்த்தாண்டம் தேன் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. தொடங்கியவர்கள் சென்றபின்னும் தொழில் அம்மக்களுடையதாகவே தொடர்ந்தமை அதன் வெற்றிக்குச் சான்றாகும்.

மரியநாடு: கரையில் நிகழ்ந்த ஏலம்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே கடற்கரையில் அமைந்த மரியநாடு மற்றொரு சான்று. இக்கரையின் முக்குவர் பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சிஸ் சவேரியார் காலந்தொட்டுக் கத்தோலிக்கர். ஞாயிறன்று கடலுக்குச் செல்லாமை அவர்தம் வழக்கம். மீன்பாட்டில் ஒரு பகுதி பங்கு ஆலயத்திற்குச் செல்லும். இவ்வாறு கடல்தொழிலும் வழிபாடும் நெடுங்காலமாகப் பிணைந்திருந்தன. ஆயினும் கரைக்கு வந்த மீனின் விலையை முடிவுசெய்தவர் மீனவர் அல்லர். வலைக்கும் வள்ளத்திற்கும் முன்பணம் கொடுத்த வணிகரே அதனைக் குறைவிலைக்கு எடுத்தனர். ஆலயம் தன் பங்கைப் பெற்றது. எஞ்சிய பங்கு எவ்வாறு விலைபோகிறது என்னும் வினா வழிபாட்டுக்குப் புறத்தே இருந்தது.

1960ஆம் ஆண்டுகளில் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டம் மரியநாட்டில் மீனவர்க்கான குடியிருப்பை உருவாக்கியது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா காலத்தில் சமூகப் பணியாளர்கள் அங்குத் தங்கி மக்களோடு பணியாற்றினர். 1970ஆம் ஆண்டுகளில் அங்குள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கம் கரையில் நடக்கும் முதல் ஏலத்தைத் தன் பொறுப்பில் கொண்டது. ஏலம் சங்கத்தின் பெயரில் நடந்தது. விற்ற தொகையில் ஒரு பகுதி கடனுக்கும் மற்றொரு பகுதி சேமிப்புக்கும் பிடிக்கப்பட்டது. சங்கமே கடன் பெற்றுத் தந்ததால் வணிகரின் முன்பணத்திற்குக் கட்டுப்பட வேண்டிய நிலை தளர்ந்தது. இவ்வனுபவத்தின்மேல் எழுந்ததே 1980இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு.

மறைமாவட்டத்தின் முயற்சியில் தொடங்கியது மீனவரின் அமைப்பாக மாறியபோது, சபை பின்னின்றது என்பதே இங்குக் குறிப்பிடத்தக்கது. ரேந்தைத் தொழிலில் காணாத நிலை இது. விலையை முடிவுசெய்யும் இடத்தில் உழைத்தவரே நின்றார்.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் பின்வருவன புலனாகின்றன. திருவிதாங்கூரில் கிறித்தவ நம்பிக்கையும் அன்றாட உழைப்பும் இணைந்த இடங்கள் பெரும்பாலும் ஆலயத்திற்கு வெளியே இருந்தன. கூலியற்ற வேலைக்கு இடையிட்ட ஞாயிறு, சுண்ணாம்பு தடவிய கலயம், கூலி பெற்ற பெண்ணின் கை, தரம்பிரித்த முட்டை, மீனவர் நடத்திய ஏலம் ஆகியன அவ்விடங்கள். இவ்விணைப்பு ஓய்வு, கூலி, திறன், நேர்மை, விலையை முடிவுசெய்யும் உரிமை என்னும் உலகியல் வடிவங்களில்தான் நிகழ்ந்தது. இவற்றை விடுத்து உழைப்பே வழிபாடு என்று மட்டும் கூறுதல் பத்மநாபதாசரின் நாட்டில் ஊழியக்காரனிடம் கூறப்பட்டதற்கு வேறானதாகாது. இறைவனுக்கான வேலை எனக் கூறியே அவனிடமும் கூலியற்ற வேலை வாங்கப்பட்டது.

ஊழியம் என்னும் சொல்லின் மாற்றம் ஒரு வெற்றியின் வரலாறாக மட்டும் அமையவில்லை. கட்டாயத்திலிருந்து மீண்ட அச்சொல், மீண்டவர் அனைவர்க்கும் உரியதாகாமல் ஊதியம் பெறும் சபைப் பணியாளர்க்கு உரியதாயிற்று. பிற்காலத் தமிழில் அரசு, வங்கி, ஆலை ஆகியவற்றில் பணிபுரிவோரும் ஊழியர் எனப்படுவதால், அச்சொல் தன்னை அறியாமலே அன்றாடத் தொழிலுக்குத் திரும்பியுள்ளது. சொல் திரும்பிய அளவிற்குப் பொருளும் திரும்புமா என்பது பனையேறியையும் மீன்விற்கும் பெண்ணையும் சபை எப்பெயரால் அழைக்கிறது என்பதைப் பொறுத்தது.